பற்று எழுதாத கடைகள்

செம்மங்குப்பம் என்ற பெயரை வெளியூர்க்காரர்களில் பலர் முதன்முதலாகக் கேட்டது 2025 ஜூலை 8 அன்றுதான். ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இரண்டு மூன்று நாட்கள் தொலைக்காட்சிகள் அந்தக் கேட்டையே காட்டிக்கொண்டிருந்தன. பிறகு ஊர் மறைந்துவிட்டது. நமது ஊடகங்களைப் பொறுத்தவரை சிற்றூர் என்பது விபத்து நடக்கும் இடம். அங்கே அரிசி பருப்பு எப்படி விற்கப்படுகிறது, யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், அந்தக் கடன் எப்போது நின்றுபோனது என்பதெல்லாம் செய்தியில் சேராது. செய்தியில் சேராத அந்த விஷயத்தைப் பற்றியே இங்கே சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கீற்றுப் பகுதியின் சில்லறைக் கடைகளில் கொரோனாக் காலம் எதை விட்டுச் சென்றிருக்கிறது என்பதே கேள்வி.

பெருந்தொற்று சிறு கடைகளை மூடவைத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. மூடியவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நோயின் உண்மையான தழும்பு திறந்திருக்கும் கடைகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கடை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, கல்லாவுக்கு அருகே கட்டம் கட்டமாக க்யூஆர் அட்டையும் இருக்கிறது. நீள்வாக்கில் மடித்த பற்று வரவு நோட்டு இல்லை. இருந்தாலும் அதில் பழைய பக்கங்களே அதிகம்.

கடலூர் மாவட்டத்துக்குப் பேரிடர் புதிதன்று. 2004 டிசம்பரில் சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், பெருந்தொற்றின் நடுவிலேயே 2020 நவம்பரில் நிவர், அடுத்த வாரமே புரெவி. இவை எல்லாவற்றிலும் கடைக்காரர்கள் இழந்தார்கள். ஆனால் புயல் கொண்டுபோவது கூரையையும் சரக்கையும். வாடிக்கையாளரை அது கொண்டுபோவதில்லை. சொல்லப்போனால் புயலுக்கு மறுநாள் முதலில் வியாபாரம் நடப்பது கடையில்தான்: மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, தார்ப்பாய், கயிறு. மூட்டை நனைந்துபோன கடைக்காரருக்கு மொத்த வியாபாரி தவணை கொடுப்பார். அவர் ஊருக்குத் தவணை கொடுப்பார். அறுவடையோ, மீன் வரத்தோ, சிப்காட் சம்பளமோ வந்ததும் சங்கிலி மறுபடி சீராகும். பெருந்தொற்றில் கூரைக்கும் சரக்குக்கும் சேதமில்லை. இந்தச் சங்கிலி மட்டும் அறுந்தது. கண்ணுக்குத் தெரியும் சேதமில்லையாதலால் கணக்கெடுக்கவும் எவரும் வரவில்லை.

இந்தச் சங்கிலியைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். 1980களில் குடிகாடு, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம் எனச் சாலையோரக் கிராமங்களை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின், இங்கே மூன்றுவகை வருமானங்கள் கலந்தன. ஒப்பந்தத் தொழிலாளியின் வாரக்கூலி அல்லது மாதக்கூலி, விவசாயக்கூலியின் பருவ வருமானம், கடற்கரைக் குப்பங்களில் நாளுக்கு நாள் மாறும் வருமானம். மூன்றுக்கும் பொதுவான சிக்கல் ஒன்றே. வயிறு தினமும் பசிக்கும். பணம் தினமும் வராது. அந்த இடைவெளியை நிரப்பியது வங்கியன்று, மளிகைக்கடை. ஈடு கேட்காமல், வட்டி என்று தனியாக எழுதாமல், சீயக்காயையும் துவரம்பருப்பையும் கடனாகக் கொடுத்த நிதி நிறுவனம் அது. வட்டி சரக்கின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கடைக்காரர் தன் பங்குக்குக் கடலூர் முதுநகரிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ மொத்தக் கடையில் பத்து நாள், பதினைந்து நாள் தவணையில் எடுத்துவருவார். ஆக, சரக்கு ஒரு திசையிலும் நம்பிக்கை அதே திசையிலும் பணம் எதிர்த்திசையிலும் ஓடிக்கொண்டிருந்தன.

2020 மார்ச் 25-இல் நாடு அடைக்கப்பட்டது. முதல் சில வாரங்கள் சிறு கடைகளுக்குப் பொற்காலம் என்றுகூடச் சொன்னார்கள். அது முழுப் பொய்யன்று. பேருந்து இல்லை, நகரத்துப் பெரிய அங்காடிக்குப் போக வழியில்லை. ஏப்ரல் 5 முதல் காலை 6 மணியிலிருந்து பிற்பகல் 1 மணிவரை மட்டுமே கடை என்று அரசு நேரம் குறித்தபோது, தெருமுனைக் கடையில் கூட்டம் நெரிந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கையில் காசோடு வந்தவர் எத்தனைபேர்? வேலை நின்றுபோன ஊரில் விற்பனை கூடுவதென்றால் அதன் பொருள் கடன் கூடுகிறது என்பதே. அதே நாட்களில் மொத்த வியாபாரிகள் தவணையை நிறுத்தி ரொக்கம் கேட்கலானார்கள். அவர்களையும் குறைசொல்ல இயலாது. லாரி வருமா என்பதே அவர்களுக்குத் தெரியாது. கடைக்காரர் ரொக்கத்துக்கு வாங்கிக் கடனுக்கு விற்றார். எந்தக் கணக்கு வாத்தியாரிடம் கேட்டாலும் இது எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

மே மாதம் கோயம்பேடு வந்தது. கடலூர் மாவட்டத்துக்கும் கோயம்பேட்டுக்கும் உள்ள உறவு காய்கறியால் ஆனது மட்டுமன்று. மூட்டை சுமக்கும் தோள்களால் ஆனது. அந்தச் சந்தையில் உழைத்துவந்த நம் மாவட்டத்து ஆட்கள் ஊர் திரும்பியபோது நோயும் உடன் வந்தது. மே 4-ஆம் நாள் மட்டும் கடலூர் மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. மாநிலத்தில் சென்னைக்கு அடுத்த எண்ணிக்கை அது. மறுநாள், மே 5, கோயம்பேடு மூடப்பட்டது. தமிழ்நாட்டில் வணிகர்கள் ஆண்டுதோறும் வணிகர் தினமாகக் கொண்டாடிவரும் நாளும் மே 5 தான் என்பது வரலாற்றின் குரூர நகைச்சுவை. திரும்பி வந்தவர்களைச் சில ஊர்களில் எப்படிப் பார்த்தார்கள் என்பது நாம் மறக்க விரும்பும் சங்கதி. கடைக்காரர் கோணத்தில் அவர் வெறும் நோயாளி அல்லர். மாதாமாதம் சென்னையிலிருந்து பணம் அனுப்பி நோட்டில் பாக்கியைத் தீர்த்தவர். இப்போது அவரே ஊரில் அமர்ந்து புதிய பாக்கி எழுதவேண்டிய நிலை.

கடை நேரம் என்பது அக்காலத்தில் எவ்வளவு கொடிய விஷயமாயிற்று என்பதற்குச் சாத்தான்குளம் சாட்சி. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களுக்குள் காவலில் இறந்தார்கள். அதற்குப் பிறகு தமிழகத்தில் எந்தச் சிறு கடைக்காரரும் ஷட்டரை இறக்கும்போது கடிகாரத்தைப் பழையபடி பார்த்திருக்க முடியாது.

இரண்டாம் அலை இன்னும் கடுமை. 2021 மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு; மளிகைக்கடையும் கிடையாது. காய்கறியும் பழமும் தோட்டக்கலைத் துறை ஏற்பாட்டில் வண்டிகளில் தெருவுக்கு வந்தன. அரசு மேற்கொண்ட நடவடிக்கைகள் பல பாராட்டத்தக்கவை. அரிசி அட்டைதாரர்களுக்கு இரண்டு தவணைகளில் 4000 ரூபாய், கூடவே பதினான்கு பொருள்கள் அடங்கிய பை. பசி தடுக்கப்பட்டது. ஒரு வரலாற்று நினைவு இங்கே வருகிறது. 1918-இல் இன்ஃபுளுயன்சா பரவிய அதே ஆண்டில், செப்டம்பர் மாதம், சென்னையிலும் மாகாணத்தின் வேறு பல ஊர்களிலும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. போர்க்கால விலையேற்றமே உடனடிக் காரணம். நூறாண்டுகளுக்குப் பின் அப்படி ஒரு சூறை நடக்கவில்லை. ரேஷன் கடைக்கு இதில் முதற்பங்கு உண்டு. இரண்டாவது பங்கைப் பற்று நோட்டுக்குக் கொடுப்பேன். ரேஷன் கடைக்கு அரசு பணம் கொடுத்தது. நோட்டுக்கு யார் கொடுத்தார்கள்?

இங்கேதான் என் முதன்மையான மனக்குறை. நிவாரணங்களை ஒன்றொன்றாக எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் 31 வரை கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது: வங்கியில் கடன் உள்ளவருக்கு. மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உறுதித் திட்டம் வந்தது: 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையிலிருந்த வங்கிக் கடனில் 20 விழுக்காடு மேலும் கிடைக்கும், அதாவது ஏற்கெனவே கடன் பெற்றவருக்கு. ஜூன் 1-இல் பிரதமர் ஸ்வநிதி, 10,000 ரூபாய், 7 விழுக்காடு வட்டி மானியத்துடன்: நகரத்துச் சாலையோர வியாபாரிகளுக்கு. செம்மங்குப்பம் ஊராட்சி, நகரமன்று. சில்லறை, மொத்த வணிகங்கள் குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்ற வரையறைக்குள் மறுபடி சேர்க்கப்பட்டதே 2021 ஜூலை 2-ஆம் நாள்தான். அதுவும் வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனுக்காக மட்டும். இரண்டு அலைகளும் அதற்குள் ஓய்ந்துவிட்டன. ஆக, வங்கிக்கு ஒருபோதும் போகாமல், தன் பணத்திலும் மொத்தக் கடைக்காரரின் தவணையிலும் முப்பது ஆண்டுகள் கடை நடத்திய நேர்மையான மனிதர் எந்தத் திட்டத்துக்கும் பொருந்தாதவராகிப்போனார். கடன் வாங்காமல் வாழ்ந்ததற்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

2021 பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடியானது. அதே ஆண்டில் அடுத்து வந்த அரசு ஐந்து பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. இவற்றின்மீது எனக்குப் பொறாமை இல்லை, விவசாயிக்கு வேண்டியதுதான். ஆனால் அதே மாதங்களில் அறிவிப்போ விளம்பரமோ இல்லாமல் இன்னொரு தள்ளுபடியும் நடந்தது. வேலையிழந்தவரின் பக்கம், நோயில் இறந்தவரின் பக்கம், ஊரைவிட்டே போய்விட்டவரின் பக்கம் என ஒவ்வொன்றாகக் கோடு கிழித்து ‘வராது’ என்று முடிவுசெய்துகொண்ட தள்ளுபடி. அதைச் செய்தது அரசு அன்று, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடையில் அமர்ந்திருந்தவர். அவரது மூலதனம் அந்த நோட்டில்தான் இருந்தது.

மூலதனம் போனபின் கடையைத் திறக்கப் பணம் வேண்டுமே. தண்டல்காரர் இருக்கிறார். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்; நாளுக்கு நூறு வீதம் நூறு நாட்களில் திருப்பவேண்டும். ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். முதல்நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டிருப்பதால் ஆண்டுக் கணக்கில் இது 80 விழுக்காட்டைத் தொடும். இப்படிப்பட்ட பணத்தில் சரக்கு எடுத்தவர் அதைப் பதினைந்து நாள் கடனுக்கு ஊருக்குக் கொடுக்க முடியுமா? இரக்கம் குறைந்துபோனதால் பற்று நின்றது என்று சிலர் எழுதுகிறார்கள். இரக்கத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கடைக்காரரின் பணம் நூறு நாள் பணமாக மாறிவிட்டது, அவ்வளவுதான். மறுபுறம் அவரது பழைய வாடிக்கையாளர், குறிப்பாகப் பெண்கள், குழுக்கடன்களுக்குப் போனார்கள். முன்பு மளிகைக்கடையில் பாக்கி. இப்போது வாரத்தவணைக் கடன் வாங்கி மளிகைக்கடையில் ரொக்கம். வசூலுக்கு வருபவரின் குரல் அண்ணாச்சியின் குரலைவிடக் கடினமானது. அக்கடுமையைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச்சட்டமே கொண்டுவர நேர்ந்தது.

நிற்க. பழைய நோட்டைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் எண்ணம் எனக்கில்லை. அதற்கும் சாதி உண்டு. எந்தத் தெருவுக்கு எவ்வளவு வரை எழுதலாம் என்ற எழுதப்படாத வரம்பு பல ஊர்களில் இருந்தது. பாக்கி உள்ள வீட்டுப் பெண், கடையில் நாலுபேர் நடுவே கேட்க நேர்ந்த சொற்கள் எந்த நோட்டிலும் இல்லை. பாக்கி உள்ளவர் எடைக்கல்லைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. அப்பெண்ணுக்கு இன்று க்யூஆர் அட்டை ஒரு விடுதலைதான், கணக்கில் பணம் இருக்கும்வரை. என் வாதம் பழையது திரும்பவேண்டும் என்பதன்று. பழையது ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்த வேலை இன்றும் தேவைப்படுகிறது. அதைக் குறைந்த செலவில் செய்யும் வேறொன்று அந்த இடத்துக்கு வரவில்லை என்பதே.

நமது புனைகதைகளும் இந்த மனிதரைப் பெரிதாகக் கவனித்ததில்லை. நிலமும் கூலியும் எழுதப்பட்ட அளவுக்குக் கல்லா எழுதப்படவில்லை. வந்தால் அளவில் ஏமாற்றுபவராகவோ வட்டிக்குக் கொடுப்பவராகவோ வருவார். ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் சுந்தர ராமசாமி சந்திப்பைச் சுற்றிய கடைகளையும் அவற்றின் போட்டியையும் கதையின் உயிராகவே ஆக்கியது அபூர்வம். அவ்வகையில் இந்த அலட்சியத்துக்கு அதிகாரிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சிதம்பரத்தில் நிலைமை வேறு. அங்கே நோட்டைவிடக் கூட்டமே மூலதனம். நான்கு வீதிகளின் கடைகளுக்கு ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் ஆண்டின் இரு அறுவடைகள். 2020 ஆனி உற்சவம் பக்தர் கூட்டமின்றி நடந்தது. அது திரும்பிவிட்டது; தேர் ஓடுகிறது, கூட்டமும் வருகிறது. அண்ணாமலைநகர் பக்கம் அவ்வளவு எளிதாகத் திரும்பவில்லை. விடுதி மாணவரை நம்பிய மெஸ், ஜெராக்ஸ் கடை, தேநீர்க்கடை ஆகியவை மாதக்கணக்கில் வெறிச்சோடின. குறிப்பும் வினாத்தாளும் கைபேசிக்குப் போய்விட்டபின், மாணவர் திரும்பிய பிறகும் ஜெராக்ஸ் கடைக்குப் பழைய வரிசை திரும்பவில்லை. எல்லாவற்றையும் கொரோனாவின் தலையில் கட்டுவதும் நேர்மையன்று. பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு உரிய ஒப்புதல் இல்லை என்று 2022-இல் யுஜிசி அறிவித்தது. வெளியூர் மாணவர் வரத்தை அதுவும் பாதித்திருக்கவேண்டும். அதேபோல், செம்மங்குப்பம் பக்கத்துச் சாலையோரக் கடைகளின் நிலைமையில் நான்குவழிச் சாலைப் பணிக்கும் பங்குண்டு; வேகமாகப் போகும் வண்டி டீ குடிக்க நிற்பதில்லை.

ஆனால் ரயில் விஷயத்தில் ஐயத்துக்கு இடமில்லை. மீன்கூடையும் பூக்கூடையும் கீரைக்கட்டும் கடலூர், ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று பயணம் செய்தது பாசஞ்சர் ரயிலில். 2020 மார்ச்சில் அது நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியபோது, நிற்கும் நிலையங்கள் அதேதான், வேகமும் அதேதான். பெயர் மட்டும் சிறப்பு விரைவு வண்டி. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆயிற்று. 2024 பிப்ரவரி இறுதியில்தான் 10-க்கு இறங்கியது. சீசன் டிக்கெட் எடுக்க இயலாமல் அன்றன்றைக்குச் சீட்டு வாங்கும் ஒரு கூடைக்காரம்மாவுக்குப் போகவர 20 ரூபாய் 60 ஆகும். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 500 ரூபாய் 1500. அந்த ஆயிரம் ரூபாய் அவரது மூலதனத்திலிருந்தே போயிருக்கும். கட்டணம் குறைந்துவிட்டது என்று செய்தி வந்தபோது பலரும் மகிழ்ந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் கூடையை இறக்கிவைத்துவிட்டு நூறுநாள் வேலைக்கோ வீட்டுவேலைக்கோ போய்விட்டவர் அந்தச் செய்தியைக் கேட்டுத் திரும்பி வருவாரா?

க்யூஆர் அட்டையைப் பற்றி ஒரு சொல். 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் மாதத்துக்குச் சுமார் 100 கோடியாக இருந்த யுபிஐ பரிவர்த்தனைகள் 2023 ஆகஸ்டில் 1000 கோடியைத் தாண்டின. நோட்டைத் தொட்டால் நோய் வரும் என்ற அச்சம் இதற்குப் பெரிய உந்துதல். இதில் ஒரு நன்மை விளைந்திருக்கவேண்டும். வங்கி மேலாளர் எப்போதும் கேட்பது வரவு செலவுக்கு ஆதாரம். இப்போது ஒவ்வொரு ஐந்து ரூபாய் மிட்டாய்க்கும் ஆதாரம் உண்டு. அதை வைத்துக் குறைந்த வட்டியில் மூலதனக் கடன் கிடைத்திருந்தால் தண்டல்காரருக்கு வேலை இருந்திராது. நடந்ததோ வேறு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதிவைத்தன. அந்தச் செய்தி இங்குள்ள கடைக்காரரையும் கலக்கியிருக்கும். வரி கேட்பதற்குச் செல்லும் ஆதாரம் கடன் கேட்டால் செல்லாது போலும்.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிய புரட்சியன்று. கிராமங்கள்தோறும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் எல்லைக்குட்பட்டவை. பயிருக்கும் நகைக்கும் கடன் கொடுத்துப் பழகிய சங்கம், மொத்தக் கடை ரசீதையும் ஓராண்டு யுபிஐ வரவையும் பார்த்து ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ மூன்றுமாதச் சுழற்சியில் கடைக்குக் கொடுக்கலாம். பயிர்க்கடன் போலக் காலத்தில் திருப்பினால் வட்டிச் சலுகையும் தரலாம். கடைக்காரர் வாங்கும் பணம் 80 விழுக்காட்டிலிருந்து இறங்கினால், பாதித் தெருவுக்காவது அவர் மறுபடி எழுதுவார். அரசு நேரடியாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடன் கொடுப்பதைவிட இது சிக்கனமும் ஆகும். எந்த வீட்டில் எப்போது கூலி வரும் என்ற தகவல் எந்தக் கணினியையும்விட அவரிடம் அதிகம் உண்டு.

அதற்கு முன் அவர் ஒரு பட்டியலிலாவது இடம்பெறவேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. தென்பெண்ணை பெருகிக் கடலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. மாநில அரசு அறிவித்த நிவாரணத்தில் குடும்ப அட்டைக்கு 2000 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000, பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000, இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4000 என்று வரி வரியாக இருந்தது. நனைந்துபோன மளிகை மூட்டைக்கு அந்தப் பட்டியலில் வரி இல்லை.